பழுப்புத்தாள் உறை போட்ட ரிலீஃப் புத்தகம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பகுதிக்கும் கணக்குப் பகுதிக்கும் நடுவில் தொண்ணூற்றாறு படிகள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது, எண்ணத் தெரியும். ஹந்தானை மலையில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய கால்கள்தான் என்னுடையவை. ஆனாலும் மலையில் வராத எரிச்சல் அந்தப் படிகளில் வந்துவிடும். மலையில் ஏறினால் மேலே கொழுந்தாவது இருக்கும். அந்தப் படிகளில் ஏறினால் மேலே கணக்கு டீச்சர் இருப்பார், "ஏலாது ஆச்சி" என்று சொல்வதற்கு.

நான் சொல்லச் சொல்ல இதை என் பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் டீச்சர்மார் சிரிப்பார்களாம். அதனால் புத்தகத் தமிழில் எழுதுவாளாம். எழுதட்டும். கதை என்னுடையது, தமிழ் அவளுடையது. அவளும் இந்தக் கதையில் வருவாள் என்பதால் தன்னைக் கொஞ்சம் நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்வாள். அதையும் தடுக்க என்னால் முடியாது, எனக்குத்தான் படிக்கத் தெரியாதே.

பள்ளிக்கூடம் கண்டி டவுனுக்குப் பக்கத்தில், சரிவில் கட்டியது. ஐந்தாம் தரத்தோடு முடிந்துவிடும். பெரிய பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்புவதுதான் அதன் வேலை. சின்னப் பள்ளிக்கூடம்தான், ஆனால் பெரிய படிப்புப் படிக்கிற பேராதனை கெம்பஸ் மாதிரி பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பகுதி கேட்டுக்குப் பக்கத்தில், கீழே. ஆங்கிலப் பகுதி நடுவில், ஒஃபிசுக்கு அடுத்த அறை. கணக்குப் பகுதி உச்சியில். சங்கீதப் பகுதி அதற்கும் அப்பால், பலாமரத்தடியில் தனியாக ஒரு தகர அறை. சத்தம் வருகிறது என்று மற்ற மூன்று பகுதியும் சேர்ந்து அதை அங்கே தள்ளிவிட்டார்கள். அவர்கள் ஒற்றுமையாகச் செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலைவர், பூட்டுப் போட்ட ஒரு அலுமாரி, சாயம் வேறு வேறாகத் தேத்தண்ணி. தமிழ் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்குச் சீனி இரண்டு கரண்டி, இஞ்சி தட்டிப் போட வேண்டும். இங்கிலீஷ் மிஸ் சிங்களப் பெண், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசுவார். அவருக்குப் பால் தேத்தண்ணி. கணக்கு டீச்சர் கண்டியிலேயே பரம்பரையாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்து ஆள். அவருக்குச் சீனியில்லாமல், கடும் சாயம், கொதிக்கக் கொதிக்க. ஆறினால் தொடமாட்டார். சங்கீத மிஸ் எங்களைப் போல தோட்டத்துப் பிள்ளை, வயதும் குறைவு. எதைக் கொடுத்தாலும் குடிப்பார். அதனாலேயே அவருக்குக் கடைசியாகத்தான் போகும். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

என் வேலை கூட்டுவது, கீழே கேட்டடி அடுப்பில் தேத்தண்ணி ஊற்றுவது, புத்தகம் சுமப்பது. இரண்டு புத்தகங்கள். நீல மட்டை போட்டது அறிவித்தல் புத்தகம். கூட்டம், லீவு, விளையாட்டுப் போட்டி என்று எது வந்தாலும் அதிலே எழுதுவார்கள், நான் பகுதி பகுதியாகக் கொண்டுபோவேன், டீச்சர்மார் கையெழுத்துப் போடுவார்கள். சிவப்பு மட்டை போட்டது ரிலீஃப் புத்தகம். ஒரு டீச்சர் வராவிட்டால் அவருடைய வகுப்புக்கு யார் போவது என்று அதிலே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நீலத்தைப் பார்த்தால் முகம் மாறாது. சிவப்பைப் பார்த்தால், என்னைப் படியிலே கண்ட உடனேயே, ஒருவருக்குத் தலையிடி வரும், இன்னொருவருக்குப் போன் வரும். தமிழ் சேருக்கு மட்டும் எதுவும் வராது. நேராகவே சொல்லிவிடுவார்.

"ஆச்சி, அந்தச் சிவப்புச் சனியனை அங்காலை கொண்டு போங்கோ."

அந்த வருஷம் கணக்குப் பகுதியில் ஐந்தாம் தரத்துக்குப் படிப்பித்த வேறொரு டீச்சர் பிள்ளைப்பேற்று லீவில் போனார். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. புலமைப்பரிசில் பரீட்சைதான். ஐந்தாம் தரத்துப் பிள்ளைகள் எல்லாம் அதற்குத்தானே ராப்பகலாகப் படிக்கிறார்கள். அதிலே என் பேத்தியும் ஒருத்தி. அங்கே வேலை செய்கிறவர்களுடைய பிள்ளைகளுக்கு இடம் கொடுப்பார்கள் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள். வெட்டுப்புள்ளி என்று ஒரு மார்க் வைப்பார்கள், அதற்கு மேலே எடுத்தால் ஆறாம் தரத்துக்கு டவுனில் இருக்கிற பெரிய பெண்கள் பள்ளிக்கூடம். எடுக்காவிட்டால் நாங்கள் இருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருக்கிற தோட்டத்துப் பள்ளிக்கூடம், ஒன்பதாம் தரத்தோடு கதவு மூடிவிடும். என் மகள் அங்கே படித்தவள்தான். இப்போது பேராதனை ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளையிடம் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"இன்னைக்காவது கணக்குக்கு யாராச்சும் வருவாங்களா?"

"அம்மாயியதான் கேக்கணும். அவங்கதான் புத்தகம் கொண்டு போறாங்க."

என்னவோ நான் கையெழுத்துப் போடாமல் வைத்திருப்பது மாதிரி.

ஐந்தாம் தரத்துக்குக் கணக்கு எப்போதும் இன்டர்வல் முடிந்து வருகிற நாலாம் பாடவேளை. தலைமையாசிரியருக்கு அடுத்தவரான உப அதிபர் அம்மா தினமும் காலையில் சிவப்புப் புத்தகத்தில் அதை எழுதுவார். யாருடைய பெயரையும் போடமாட்டார். பெயரைப் போட்டால் அந்தப் பகுதித் தலைவர் சண்டைக்கு வருவார். அதனால், "யாருக்கு ஓய்வோ அவர் கையெழுத்துப் போடட்டும் ஆச்சி, பகுதி பகுதியா கேட்டுப் பாருங்க" என்பார். நான் கேட்டுப் பார்ப்பேன்.

கீழே தமிழ் சேர். "ஆச்சி, ஒரு ஞாயத்தைச் சொல்லுங்கோ. கணக்குப் பாடம் ஆரின்ரை? கணக்குப் பகுதியின்ரை. அவை போகாமல் நான் ஏன் போகவேணும்? நாளைக்குச் சமையலுக்கு ஆளில்லை எண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவியள்."

நடுவில் இங்கிலீஷ் மிஸ், இரண்டு கையையும் விரித்து, "அனே ஆச்சி, மட்ட பே, ஏலாது! எனக்குக் கணக்குப் பயம். ஸ்கூல்ல படிக்கிற காலமே ஃபெயில்."

உச்சியில் கணக்கு டீச்சர். "எங்கட பகுதியில மிச்சம் ரெண்டு பேர்தான் ஈக்கிறது. நாலாம் தரம் ரெண்டு வகுப்பு, மூணாம் தரம் ரெண்டு வகுப்பு. நான் கிழிஞ்சா போற? மத்தப் பகுதிக்காரங்க சும்மா குந்திக்கொண்டு ஈக்கிறாங்களே, அவங்க போகட்டும். ஏலாது ஆச்சி."

பலாமரத்தடியில் சங்கீத மிஸ். அவர் மட்டும் தயங்குவார். "நான் போறேன் ஆச்சி, ஆனா நான் போனா கணக்குப் பகுதி கோவிச்சுக்கும். போன தடவ அவங்க வகுப்புக்குப் போனதுக்கு, பிள்ளைங்கள ஆட்டம் போட வச்சுட்டேன்னு மீட்டிங்கில சொன்னாங்க. வேணாம்."

போடாத கையெழுத்தோடு புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவருவேன். இப்படி இரண்டு வாரம். நாலாம் பாடவேளையில் அந்த வகுப்பில் பிள்ளைகள் உட்காருகிற கதிரையைச் சாய்த்துப் போட்டுக் குதிரை விளையாடுவார்கள். நான் போய் அதட்டினால் ஐந்து நிமிஷம் அமைதியாக இருப்பார்கள். எனக்குக் கணக்கு தெரிந்திருந்தால் நானே சொல்லிக்கொடுத்திருப்பேன். கொழுந்து நிறுக்கிற இறாத்தல் கணக்குத் தெரியும், கிலோக் கணக்குத் தெரியும். பின்னம் என்று ஒன்று இருக்கிறதாம், அது தெரியாது. என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பேத்தி சொல்வாள், "அம்மாயி, இன்னைக்கும் சும்மாதான் இருந்தோம்." அவள் சொன்ன விதத்தில் ஒரு சந்தோஷமும் இருந்தது. இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுது.

பிறகு அந்த மழை. கண்டியில் மழை சொல்லிவிட்டு வராது. ஒரு வெள்ளிக்கிழமை படியிலே நடுவழியில் பிடித்துக்கொண்டது. ஒரு கையில் தேத்தண்ணித் தட்டு, மறு கையில் இரண்டு புத்தகங்கள். தட்டைக் காப்பாற்றினேன். கோப்பை உடைந்தால் நான்கு பகுதியும் கேட்கும், புத்தகம் நனைந்தால் உப அதிபர் அம்மா ஒருவர்தான் கேட்பார். இரண்டு மட்டையும் ஊறிச் சாயம் போய், சிவப்பும் நீலமும் ஒன்றோடொன்று கலந்து, என் சேலையிலும் ஒட்டிக்கொண்டது.

உப அதிபர் அம்மா திட்டவில்லை. "வீட்டுக்குக் கொண்டு போய்க் காயவச்சு, பிள்ளையிட்டக் குடுத்து உறை போட்டுக்கிட்டு வாங்க ஆச்சி" என்றார். வருஷத் தொடக்கத்தில் கொப்பிகளுக்குப் பழுப்புத்தாளில் உறை போடுவார்களே, அதிலே மிச்சம் கிடந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்து, பேத்தி இரண்டுக்கும் அழகாக உறை போட்டு, ஓரத்தை மடித்து ஒட்டினாள். நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, இரண்டும் பழுப்பு. மேலே பெயர் எழுதினாளாம். எனக்கு இரண்டும் ஒரே எழுத்தாகத் தெரிந்தது. ஊறி உப்பிப் போனது சிவப்பு என்று கையால் தடவி அடையாளம் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் தமிழ் சேருக்கு இஞ்சித் தேத்தண்ணியை வைத்துவிட்டு, உப்பிய புத்தகத்தைத் திறந்து நீட்டினேன். "சிவப்புச் சனியன்" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கட்டுக் கட்டாகக் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"ஓம் ஆச்சி, வையுங்கோ" என்று சொல்லிக்கொண்டே சிவப்புப் பேனையால் கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தார்.

நான் அப்படியே நின்றேன். அவருடைய கையெழுத்து எனக்குத் தெரியும், முறுக்குப் பிழிந்த மாதிரி இருக்கும். படிக்கத் தெரியாவிட்டாலும் பள்ளிக்கூடத்தில் எல்லாருடைய கையெழுத்தும் எனக்குத் தெரியும். முறுக்கு வந்து சிவப்புப் புத்தகத்தில் உட்கார்ந்திருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுத்து தெரிந்தவர்கள் முன்னால் வைத்த எதையும் படிக்காமல் விடமாட்டார்கள் என்று இத்தனை வருஷமாக நான் நம்பியிருந்தேன். எனக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் பஸ்ஸில் ஒட்டியிருக்கிற நோட்டீஸ் முதல் கோதுமை மா பாக்கெட்டின் பின்பக்கம் வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் படித்திருப்பேன். இவர் தமிழ்ப் பகுதிக்கே தலைவர். பிள்ளைகளின் கொப்பியில் ஒரு புள்ளி விட்டுப்போனால் சுழித்துப் போடுகிறவர். அவர் மட்டையின் நிறத்தைத்தான் படித்திருக்கிறார், உள்ளே இருந்ததை அல்ல.

சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. "சேர், இது மற்றப் புத்தகங்க" என்று நாலு சொல். குதிரை விளையாடுகிற அந்த வகுப்பு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு படியேறினேன்.

புத்தகத்தில் அந்த வகுப்புக்கு எதிரே ஐந்து கோடுகள் வெறுமையாக இருந்தன. ஐந்து கோடு, ஐந்து நாள். திங்களுக்குத் தமிழ் சேர் போட்டுவிட்டார், மற்றவர்களையும் ஒவ்வொரு கோட்டில் போடவைத்தால் வாரம் முழுக்க ஆள் கிடைக்கும் என்று நான் கணக்குப் பண்ணினேன். இங்கிலீஷ் மிஸ் பால் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு, "ஹரி ஆச்சி" என்று சிங்களத்தில் சரி சொல்லிவிட்டு, போனில் பேசியபடியே இரண்டாவது கோட்டில் கொடி படர்ந்த மாதிரி ஒன்றைப் போட்டார். கணக்கு டீச்சர் கொதிக்கிற கோப்பையை ஊதிக்கொண்டே, "என்ன, திரும்பவும் மீட்டிங்கா? இந்தப் பள்ளியில மீட்டிங்குக்கு மட்டும் குறைவில்ல" என்று அலுத்துக்கொண்டு, மூன்றாவது கோட்டில் ஊசியும் இரண்டு புள்ளியுமாகப் போட்டார். நான் மீட்டிங் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சங்கீத மிஸ் நாலாவதில். அவருடைய கையெழுத்துக்குப் பறவை வால் மாதிரி ஒரு இழுப்பு உண்டு. ஐந்தாவது கோட்டுக்கு ஆள் இல்லை. பகுதிகள் முடிந்துவிட்டன.

ஒஃபிஸ் வரைக்கும் அன்றைக்குப் படிகளை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்கால் என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது.

உப அதிபர் அம்மா புத்தகத்தைப் பார்த்தார். பழுப்பு உறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நாலு பேரும் போட்டாங்களா ஆச்சி?"

"போட்டாங்கம்மா. திங்கள், செவ்வா, புதன், வியாழன்."

"இந்த அஞ்சு கோடும் இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் ஆச்சி. இன்னைக்கு நாலாம் பாடவேளைக்கு."

புத்தகத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. ரிலீஃப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். போட்டுவிட்டு வகுப்புக்குப் போகாவிட்டால் அதிபர் குற்றம் குறைகளை எழுதிவைக்கிற லொக் புத்தகத்தில் பெயர் ஏறும். ஏறினால் இறங்காது. "அழிச்சிருங்கம்மா, நான் தெரியாம வாங்கிட்டேன்" என்றேன்.

"கையெழுத்துப் போட்டவங்க நாலு பேருக்கும் படிக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அம்மா சோக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒஃபிசுக்கு முன்னால் இருக்கிற கரும்பலகையில்தான் அன்றைய ரிலீஃப் விபரம் எழுதுவார்கள். அதிலே நான்கு பெயர்களையும் எழுதினார்.

இன்டர்வலில் அந்தப் பலகைக்கு முன்னால் நடந்ததைப் பார்க்கத்தான் வேண்டும். நான் விளக்குமாறோடு அங்கேயே நின்றேன். ஏற்கெனவே கூட்டிய இடத்தையே மறுபடி மறுபடி கூட்டினேன். தமிழ் சேர் வந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். படிக்காமல் போட்டேன் என்று அவர் எப்படிச் சொல்வார், தமிழ்ப் பகுதித் தலைவர்! வந்த வழியே போய்விட்டார். மற்ற மூன்று பேரும் அப்படியேதான்.

நாலாம் பாடவேளை மணி அடித்தது. ஐந்தாம் தரத்து வாசலுக்குக் கீழே இருந்து ஒருவர், மேலே இருந்து இருவர், நடுவிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார்கள். வகுப்புக்குத் தண்ணீர் வைக்கிற சாட்டில் நானும் போனேன்.

"டீச்சர் வந்திட்டியள், பிறகென்ன. கணக்குக்குக் கணக்கு டீச்சர். நான் போறன்" என்றார் தமிழ் சேர்.

"போங்க சேர், போங்க. லொக் புத்தகத்தில பேர் வாற என்டாப் பரவாயில்லயா?" என்றார் கணக்கு டீச்சர். "நீங்க விரும்பித்தானே கையெழுத்துப் போட்ட?"

"ஓம், விரும்பித்தான். நல்லா வாசிச்சுப் பாத்துத்தான் போட்டனான். நீங்கள்?"

"நானும் வாசிச்சுத்தான்."

இங்கிலீஷ் மிஸ், "நானும் வாசிச்சது" என்றார். சங்கீத மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு பலாமரத்தைப் பார்த்தார்.

உள்ளே பிள்ளைகள் எழுந்து நின்று, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி நான்கு தடவை வணக்கம் சொன்னார்கள். நான்காவது வணக்கத்தில் சிரிப்பு வெடித்துவிட்டது. என் பேத்திதான் தொடங்கியிருப்பாள். இல்லையாம்.

அந்த நேரம் உப அதிபர் அம்மா வந்தார். முகத்தில் ஒரு அசைவு இல்லை. "நாலு பகுதியும் தானா முன்வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா ஒரே நாள்ல வந்தா நெரிசலா இருக்குமே. திங்கள் தமிழ், செவ்வாய் ஆங்கிலம், புதன் சங்கீதம், வியாழன் கணக்கு. வெள்ளிக்கிழமை நான் எடுக்கிறேன்" என்று சொல்லி, ஐந்தாவது கோட்டில் அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டார்.

எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. அதுவும் இரண்டு வாரம்தான்.

ஆள் வந்தார்களே தவிர, கணக்கு வரவில்லை. தமிழ் சேர் கணக்கைக் கதையாக எழுதிப்போடுவார். ஒரு வியாபாரி சந்தைக்குப் போனான் என்று தொடங்கி அரைப் பலகை நிறையும். பிள்ளைகள் கொப்பியில் எழுதி முடிக்கிறபோது, எழுத்துப் பிழை திருத்த ஆரம்பித்துவிடுவார். வியாபாரிக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாமலே மணி அடிக்கும். இங்கிலீஷ் மிஸ் எண்களை இங்கிலீஷில் சொல்லவைத்தார். பிள்ளைகள் நூறு வரைக்கும் நன்றாகச் சொன்னார்கள், வகுக்கத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் உப அதிபர் அம்மாவை அதிபர் கூப்பிட்டுவிடுவார். வியாழன் ஒன்றுதான் ஒழுங்கான நாள். வாரத்துக்கு ஒரு நாளில் என்ன முடியும்? பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. என் மகள் காலையில் இப்போது வேறு மாதிரிக் கேட்டாள், "இன்னைக்கு யாரு, பாட்டா கதையா?"

பாட்டு என்றது சங்கீத மிஸ்ஸை. அவர் புதன்கிழமைகளில் பின்னத்தைத் தாளத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஒரு தாளத்தை நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு தட்டும் கால். இரண்டு தட்டினால் அரை. பலகை முழுக்க வட்டமும் கையும் படமாகப் போட்டுவைத்தார். அந்த அறை அதிர்ந்தது. நான் வெளியே கூட்டிக்கொண்டே கேட்டு, அரை, கால், முக்கால் எல்லாம் நானும் கற்றுக்கொண்டேன். உண்மையாகத்தான். இப்போதும் தேத்தண்ணிக்குச் சீனி போடும்போது மனதுக்குள் தட்டுவேன்.

ஒரு வியாழக்கிழமை கணக்கு டீச்சர் உள்ளே போனார். முந்தைய நாள் படம் பலகையில் அழியாமல் இருந்தது. நான் அழிக்க மறந்துவிட்டேன்.

"இது என்ன கோலம்?"

"பின்னம் டீச்சர்" என்று பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

"யா அல்லாஹ்! பின்னத்துக்குக் கை முளைச்சீக்கி!" என்று சொல்லி, முன்வரிசையில் இருந்த என் பேத்தியை எழுப்பினார். "அரையும் காலும் சேர்த்தா என்ன மகள்?"

அவள் மேசையில் இரண்டு தட்டு, பிறகு ஒரு தட்டு தட்டினாள். "முக்கால் டீச்சர்."

கணக்கு டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். விடை சரி. சரி என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "சரிதான்... ஆனா இப்பிடிச் செய்யப்படாது! பரீட்சை மண்டபத்தில எல்லாரும் மேசையில தட்டினாக் கலியாண வீடா அது?"

பாடம் முடிந்து வெளியே வந்தவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஆச்சி, போய்ச் சொல்லுங்க அந்த மிஸ்ஸுட்ட. நான் அவவுட அறைக்குப் போய்ப் பாட்டுப் படிச்சுக் குடுக்கிறயா? இல்லயே. அப்ப என்ட பாடத்தில என்ன வேல அவவுக்கு?"

பலாமரத்தடிக்குப் போய்ச் சொன்னேன். சங்கீத மிஸ் ஹார்மோனியத்தை மூடினார். "சொல்லுங்க ஆச்சி, அவங்க வந்து பாடட்டும். முதல் வரிசையில உக்காந்து கேக்குறேன்னு சொல்லுங்க. பிள்ளைங்களுக்குப் புரிஞ்சதுதான் அவங்களுக்கு வலிக்குது."

திரும்பி வந்து, பாதியைத்தான் சொன்னேன். பாதிக்கே டீச்சருடைய முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் கையெழுத்துக்காகச் சுமந்தேன், இப்போது இவர்கள் வாய்ச்சண்டையையும் நானே சுமக்க வேண்டியிருந்தது. புத்தகமாவது கனம் தெரிகிற சாமான். மனதுக்குள் ஒவ்வொருவரையும் நான் திட்டிய திட்டை எழுத முடியாது. பேத்தி எழுதத் தயாராகத்தான் இருக்கிறாள்.

ஆனால் அன்றைக்கே, யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கணக்கு டீச்சர் நேராக உப அதிபர் அம்மாவிடம் போனார். கதவு திறந்துதான் இருந்தது.

"புதன்கிழமையும் நான்தான் போற. தமிழ் சேர்ட கதையும் வேணாம், இங்கிலீஷ் ஒன் டூ த்ரீயும் வேணாம். அஞ்சு நாளும் நானே எடுக்கிற. என்ட பாடத்தக் கண்டவங்களும் நாறடிக்க விடமாட்டேன்."

"உங்களுக்கு நேரமில்லன்னீங்களே டீச்சர்?"

"நேரத்த நான் எடுத்துக்கொள்ளுற. அது என்ட பாடு."

நான் இரண்டு வாரம் கெஞ்சினேன், பிள்ளைகளின் பரீட்சை என்று சொன்னேன், என் பேத்தி என்று சொன்னேன், கண்ணீர்கூட விட்டுப் பார்த்தேன். அதற்கெல்லாம் அசையாத மனுஷி, பக்கத்துப் பகுதி தன் வேலியைத் தாண்டிவிட்டது என்றவுடன் எழுந்துவிட்டார். இது தெரிந்திருந்தால் முதல் நாளே சங்கீத மிஸ்ஸை உள்ளே அனுப்பியிருப்பேனே! எத்தனை படி மிச்சமாகியிருக்கும்!

அதன்பிறகு அவர் படிப்பித்த மாதிரியை நான் குறை சொல்லமாட்டேன். இன்டர்வலிலும் விடமாட்டார். சனிக்கிழமை காலையிலும் வரச்சொன்னார். மேசையில் தட்டக்கூடாது என்று சட்டம். ஆனால் பிள்ளைகள் மேசைக்கு அடியில் தொடையில் தட்டினார்கள். அவர் கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டார் என்று பேத்தி சொல்கிறாள்.

பரீட்சை வந்தது, போனது. முடிவு வந்த நாளில் ஒஃபிசுக்கு வெளியே நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனில் பார்த்துச் சொன்னவர் சங்கீத மிஸ்தான். என் பேத்தி வெட்டுப்புள்ளிக்கு நாலு புள்ளி மேலே. நாலு! ஒரு கணக்கு பிழையாகப் போயிருந்தால் அவள் இன்றைக்கு மேல்தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். வகுப்பில் எல்லாரும் எடுக்கவில்லை. நான்காவது வணக்கத்தில் உண்மையாகவே முதலில் சிரித்த பிள்ளை, அவள்தான் தாளத்திலும் கெட்டிக்காரி, அவள் எடுக்கவில்லை. ரிலீஃபுக்கு ஆளில்லாமல் போன அந்த இரண்டு வாரமும், அதற்குப் பிறகு கதையும் பாட்டுமாகப் போன இரண்டு வாரமும் அவளுக்குக் கிடைத்திருந்தால் என்று நினைப்பேன். நினைத்தால் இப்போதும் நான்கு பகுதி மேலும் கோபம் வரும்.

அவர்களோ அன்றைக்கு ஆளுக்கொரு பெருமை. தமிழ் சேர், "கேள்வியை வாசிச்சு விளங்கினால்தானே கணக்குச் செய்யலாம்? அது என்ரை கதையளாலை வந்தது" என்றார். இங்கிலீஷ் மிஸ்ஸும் ஏதோ சொன்னார். சங்கீத மிஸ் என் கையில் மூன்று தட்டுத் தட்டினார்.

அடுத்த நாள் உப அதிபர் அம்மா அறிவித்தல் புத்தகத்தில் பாராட்டு எழுதிக் கொடுத்தார். அதே பழுப்பு உறை, ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது. கீழே தமிழ் சேர் கொப்பி திருத்திக்கொண்டே, தன்னைப் பாராட்டியதையும் படிக்காமல் முறுக்கைப் பிழிந்தார். நடுவில் கொடி படர்ந்தது. நான் மேலே ஏறினேன்.

கணக்கு டீச்சர் பேனையை எடுக்கவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலே போனார். பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். கொதிக்கக் கொதிக்க நான் கொண்டுவந்த சாயம் மேசையில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

"பாராட்டுத்தாங்க டீச்சர். மீட்டிங் இல்ல" என்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியும் ஆச்சி." அறையில் வேறு யாரும் இல்லை என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒருக்காப் படிக்காமப் போட்டு நான் பட்டது போதும்."

பிறகு ஊசியும் இரண்டு புள்ளியுமாகக் கையெழுத்தைப் போட்டு, கோப்பையை வாயில் வைத்து, முகத்தைச் சுளித்து என் பக்கம் தள்ளினார்.

"ஆறிப் போச்சே. வேறொண்டு ஊத்திக்கொண்டு வாங்க."

தொண்ணூற்றாறு படியும் இறங்கினேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து, சாயத்தைக் கடுமையாக ஊற்றிக்கொண்டு தொண்ணூற்றாறு படியும் ஏறினேன்.